ஒரு புள்ளி குறைந்த கல்யாணம்

பயந்தவனிடம் வேலை கொடுக்கலாம். ஆனால் அவன் எந்த ஆளைக் கண்டு பயப்படுகிறானோ அந்த ஆளை அவன் முதுகுக்குப் பின்னால் நிற்க விடக் கூடாது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், சாரலில் நனைந்துகொண்டு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு மெட்ராஸில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் பட்டறையில் சேர்ந்திருந்தேன். (என் அம்மா தென்காசி முழுக்க ‘கம்ப்யூட்டர் கம்பெனி’ என்று சொல்லி வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது உண்மைதான். அதை முதலாளி தவிர யாரும் தொடக் கூடாது என்பதும் உண்மை.) கடை வாசலிலும் கோயில் திருவிழாவிலும் மாட்டுகிற விளக்குப் பலகைகளை நாங்கள் செய்தோம். பலகை நிறைய குட்டி பல்புகள். அதில் எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடும். அன்றைக்கு அது பெரிய அதிசயம்.

என் தாய்மாமாவுக்குத் தென்காசியில் அரிசி மில். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை; கோபம் வருவதற்குள் எல்லோரும் அவர் சொன்னதைச் செய்து முடித்துவிடுவார்கள். அவருடைய ஒரே மகள் செல்விக்கு ஆனி மாதம் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை சுரண்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த கதிரேசன். சீசன் நேரத்தில் குற்றாலத்தில் மண்டபம். மெட்ராஸிலிருந்து வந்த உறவுக்காரர் யாரோ என் பலகையைப் பற்றி மாமாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். உடனே எனக்கு ஆள் மூலம் உத்தரவு வந்தது: மாப்பிள்ளை அழைப்பு அன்று மண்டப வாசலில் ‘செல்வி – கதிரேசன்’ என்று பெயர் ஓட வேண்டும்.

முதலாளியே உட்கார்ந்து அதைத் தயார் செய்து கொடுத்தார். எந்த பல்பு எரிய வேண்டும், எது எரியக் கூடாது, பெயர் எப்படி நகர வேண்டும் என்பதெல்லாம் கட்டைவிரல் அளவு ‘சிப்’ ஒன்றில் பதிந்திருந்தது. கரப்பான் பூச்சி மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்த கறுப்புப் பொருள். கடைசி நேரத்தில் மாமா பெயரை மாற்றச் சொன்னால் என்ன செய்வது என்று, ஒரு வெற்று சிப்பையும் அதில் எழுதுகிற சுவிட்சுப் பெட்டியையும்கூட முதலாளி கொடுத்து அனுப்பினார்.

அழைப்பு நாள் காலையில் மண்டபத்தில் பலகையை ஏற்றிக் கட்டியாயிற்று. சிப்பை அதன் இடத்தில் பொருத்த வேண்டியதுதான் பாக்கி. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே மாமா என்று தெரிந்துவிட்டது.

“என்னலே பரமசிவம், எரியுமா?”

“எரியும் மாமா.”

“சாயங்காலம் சம்பந்திக்காரவுக எல்லாரும் வாராவ. கலெக்டர் ஆபீஸ்லேந்து ஆளு வருது. எரியுமா?”

“கண்டிப்பா எரியும் மாமா.”

“போட்டுக் காமி.”

அவசரமாகச் சிப்பை அமுக்கினேன், சுவிட்சைப் போட்டேன். பலகையில் ஒன்றும் எரியவில்லை. சிப்தான் எரிந்தது. தலைகீழாகப் பொருத்திவிட்டிருந்தேன். முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்து, ஊதுபத்தி அளவுக்கு ஒரு புகை எழுந்து, சாரலில் கரைந்து போயிற்று.

மாமா மூக்கை உறிஞ்சினார். “சாம்பிராணி போட்டுட்டாவளா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

நான் எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் தபாலாபீசுக்கு ஓடினேன். மெட்ராஸிலிருந்து வேறு சிப் பஸ்ஸில் வந்து சேர மறுநாள் ஆகும். அதற்குள் தாலியே கட்டி முடித்திருப்பார்கள். சிப்புக்குள் இருந்த விஷயத்தை மட்டும் எப்படியாவது வரவழைத்துவிட்டால், வெற்று சிப்பில் நானே எழுதிவிடலாம். எழுத்துகளை நானே கட்டம் போட்டு வரைந்துவிடலாம்தான். ஆனால் அவற்றை ஓட வைக்கிற கட்டளைகள் முதலாளியின் மூளையில் உதித்தவை. அவை பட்டறையில் ஒரு தாளில் அச்சடித்து இருந்தன.

ட்ரங்க் கால் போட்டேன். லைட்னிங் கால், அதுதான் சீக்கிரம் கிடைக்கும். பட்டறையில் என்னோடு வேலை செய்த சேகர் எடுத்தான். முதலாளி பெங்களூர் போயிருந்தார். (அன்று எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அது.)

“சேகர், அந்தத் தாளை எடுத்து அப்படியே படி.”

சிப்புக்குள் இருப்பது வெறும் ‘எரி, எரியாதே’தான். அதை நான்கு நான்காகச் சேர்த்தால் பதினாறு விதம் வரும். ஒன்பது வரை எண்ணாலும், அதற்கு மேல் ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று ஆங்கில எழுத்தாலும் எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குற்றாலத்தில் மழை பெய்யும்போது டெலிபோனில் கேட்டால்?

“பி... டி... டி... ஈ...” என்றான் சேகர்.

“பி-யா, டி-யா?”

“அதாம்ப்பா சொன்னேன், டி.”

“டி-யா, ஈ-யா?”

“பி-ப்பா.”

லைனில் அருவியே விழுவது போல இரைச்சல். முதல் வரியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி எழுதினால் பலகையில் பெயர் வராது. கொப்புளம்தான் வரும்.

ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஊர்ப் பெயர். எனக்குள் மின்னல் வெட்டியது. டி என்றால் ஈ என்று கேட்கும். சிவகிரி என்றால் எந்த மழையிலும் சிவகிரிதான். பதினாறு விதத்துக்கும் பதினாறு ஊர் வைத்துக்கொண்டால் போயிற்று. சேகருக்குப் பட்டியல் சொன்னேன். கடையம் என்றால் நான்கு விளக்கும் அணைந்திருக்கிறது. கடையநல்லூர் என்றால் கடைசி விளக்கு மட்டும் எரிகிறது. அப்புறம் சுரண்டை, சிவகிரி, செங்கோட்டை, புளியங்குடி, ஆய்க்குடி, இலஞ்சி என்று போய், நான்கும் எரிந்தால் வீரகேரளம்புதூர்.

(நான்கும் எரிவது அடிக்கடி வரும். அதற்குப் போய் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நீளமான பெயரை வைத்த அறிவாளியை நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.)

சேகர் மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவன். “வீரா... இன்னாது?” என்றான்.

“வீரகேரளம்புதூர்.”

“அது ஊராப்பா, விலாசமா?”

ஆனாலும் பிடித்துக்கொண்டான். “கடையம், கடையம், சிவகிரி, வீரகேரளம்புதூர், புளியங்குடி...” என்று அவன் சொல்லச் சொல்ல நான் அதே ஊரைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லி எழுதினேன். இடையில் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆபரேட்டர் அம்மா குறுக்கிட்டார்.

“சார், நேரம் முடிஞ்சிட்டு. நீட்டிக்கணுமா?”

“நீட்டிங்க மேடம்.”

“சார், நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். இதுல எந்த ஊருக்கு சார் ஒங்களுக்குக் கால் வேணும்?”

அவருக்கு விளக்கம் சொல்ல எனக்கு நேரம் இல்லை. “எல்லா ஊரும் வேணும் மேடம்” என்றேன். அந்தப் பதில் எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்குப் பின்னால் தன் ட்ரங்க் காலுக்காக உட்கார்ந்திருந்த ஒரு மனிதருக்கு உறைத்திருக்கிறது. அவர் எழுந்து வெளியே போனதையும் நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் தோளில் ஒரு கை விழுந்தது. கனமான கை.

“தம்பி, போனை வச்சிட்டு இங்கன வா.”

திரும்பினேன். போலீஸில் காக்கி நிக்கர் காலம் போய் பேண்ட் வந்துவிட்டது. மீசை மட்டும் பழைய காலத்திலேயே நின்றிருந்தது. ஏட்டையா.

“எந்த ஊரு?”

“தென்காசி ஐயா.”

“தென்காசிக்காரன் எதுக்குலே மெட்ராஸ்காரன்கிட்ட சிவகிரி, செங்கோட்டைன்னு ஒவ்வொரு ஊராச் சொல்லிக்கிட்டிருக்கே? அங்கனல்லாம் என்ன செய்யப் போதிய?”

பேப்பரைத் திறந்தால் குண்டுவெடிப்பும் கடத்தலுமாக இருந்த நாட்கள் அவை. “ஒண்ணும் செய்யல ஐயா. வெளக்கு எரியணும், அவ்வளவுதான்” என்றேன். அதற்குப் பிறகு அவர் என் சட்டைக் காலரை விடவே இல்லை.

ஸ்டேஷனுக்கு நடந்து போன தூரத்தில் என் வாழ்க்கை முழுவதும் ஓடியது. போலீஸ் பயம் ஒரு பக்கம். ஆனால் அதைவிடப் பெரிய பயம், வழியில் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் யாராவது பார்த்து மாமாவிடம் சொல்லிவிடுவார்களோ என்பது. லாக்கப்பில் போட்டால்கூடப் பரவாயில்லை, மாமா உள்ளே வர முடியாது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

சப்-இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர். மேஜை மேல் நான் எழுதிய தாள்களைப் பரப்பினார். தாள் முழுக்க ஊர்ப் பெயர்கள். என் கண்ணுக்கே அது சதித்திட்டம் மாதிரித்தான் தெரிந்தது.

“கடையம் ஏன் இத்தனை தடவ வருது?” என்றார்.

“அங்கன ஒண்ணும் கிடையாது சார். அணைஞ்சிருக்குன்னு அர்த்தம்.”

“கரண்டைக் கட் பண்ணிட்டியளா?”

“இல்ல சார். படம் சார். எழுத்து. பல்பு எரியுறது, எரியாதது. ஒரு பென்சிலும் கட்டம் போட்ட தாளும் தந்தா காமிக்கேன்.”

ஏட்டையா ஊர்களை வாசித்தார். சப்-இன்ஸ்பெக்டரே பென்சிலை எடுத்துக்கொண்டார். என் கையில் பென்சில் தர அவருக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு ஊருக்கும் எந்தெந்தக் கட்டத்தில் புள்ளி வைக்க வேண்டும் என்று மட்டும் நான் சொன்னேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது. அப்புறம் ஒரு கொம்பு தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு வளைவு.

சப்-இன்ஸ்பெக்டர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “ஏட்டையா, இது ‘செ’ மாதிரி இல்ல?”

ஏட்டையா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “மாதிரி என்ன சார். ‘செ’யேதான்.”

“செல்வி சார்” என்றேன். “பொண்ணு பேரு. எங்க மாமா மக. சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு.”

“ஒங்க மாமா யாரு?”

சொன்னேன். ஏட்டையா என் காலரை நீவிச் சரி செய்துவிட்டார்.

“அரிசி மில் அண்ணாச்சியா? அத மொதல்லயே சொல்லப்பிடாதாலே” என்றார். சொல்லியிருந்தால் அவர் என்னை மாமாவிடமே கொண்டுபோய் விட்டிருப்பார். அதனால்தான் சொல்லவில்லை.

பிறகு நடந்ததை நான் இன்றும் நம்பச் சிரமப்படுகிறேன். தான் வரைந்த ‘செ’வைப் பார்த்துவிட்ட சப்-இன்ஸ்பெக்டருக்கு மிச்சத்தையும் பார்க்காமல் இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டேஷன் போனிலிருந்தே மெட்ராஸுக்குப் போடச் சொன்னார். சேகருக்கு விஷயம் தெரியாது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கால் என்று ஆபரேட்டர் சொன்னதும், “சார், எனக்கு அவனைத் தெரியாது சார்” என்றுதான் ஆரம்பித்தான். சமாதானப்படுத்தி மீண்டும் வாசிக்க வைப்பதற்குள் பொழுது சாய ஆரம்பித்திருந்தது.

லைனில் மழை கூடிவிட்டது. ஏட்டையா போனைக் காதில் வைத்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இங்கேதான் என் அறிவின் இரண்டாவது மணிமகுடம். கடையம், கடையநல்லூர் என்று ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு ஊர்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன் அல்லவா? “கடைய...” என்று கேட்கும், அதற்குள் இரைச்சல் விழுங்கிவிடும். மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்த ஏட்டையா ஒரு கட்டத்தில் அலுத்துப்போய், “கடையம்னே போடு, அதான் கிட்ட இருக்கு” என்றார்.

எல்லாம் முடிந்ததும் சேகர், “ஒரு நிமிஷம் இரு, எல்லா நம்பரையும் கூட்டி வச்சிருக்கேன். நீயும் கூட்டிப் பாரு, சரியா வருதான்னு” என்று தன் கூட்டுத்தொகையைச் சொன்னான். சொன்னதும் லைன் செத்துப் போயிற்று. நானும் சப்-இன்ஸ்பெக்டரும் தனித்தனியாகக் கூட்டினோம். இருவருக்கும் ஒரே விடை. சேகர் சொன்னதைவிட ஒன்று குறைவு.

எங்கோ ஒரு கடையநல்லூர் கடையமாகிவிட்டது. எங்கே என்று தெரியாது. தாளில் நூற்றுக்கணக்கில் கடையம். அந்தத் தப்பு எழுத்தில் இருந்தால் ஒரு பல்பு எரியாது, அவ்வளவுதான். கட்டளையில் இருந்தால் பலகை பைத்தியம் பிடித்த மாதிரி மின்னலாம்; எல்லா பல்பும் ஒரே நேரத்தில் எரிந்து மண்டபத்து ஃபியூஸே போகலாம். நனைந்த பந்தல், இருட்டு, உள்ளே மாப்பிள்ளை வீட்டார். மறுபடி லைன் கிடைக்கவே இல்லை.

மண்டபத்துக்கு ஓடினேன். ஒரு மூலையில் உட்கார்ந்து சுவிட்சுப் பெட்டியில் ஒவ்வொரு ஊராகச் சிப்பில் ஏற்ற ஆரம்பித்தேன். (முழுப் படத்தையும் வரைந்து பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்திருக்கலாமே என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பின்னால் மாமா நின்றதில்லை.) மாமா வந்து நின்றார். நான் “சுரண்டை, இலஞ்சி, கடையம்” என்று முணுமுணுத்துக்கொண்டே சுவிட்சுகளைத் தட்டுவதைப் பார்த்தார். பிறகு என் அம்மாவைக் கூப்பிட்டு, “பயலுக்குக் காத்துக் கருப்பு எதுவும் அடிச்சிருக்கா பாரு, ஊர் ஊராப் பேசிக்கிட்டிருக்கான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா என் நெற்றியில் விபூதியைப் பூசினாள். நான் தடுக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு எல்லா உதவியும் தேவைப்பட்டது.

மேளச் சத்தம் நெருங்கியது. மாப்பிள்ளை கார் தெருமுனையில் திரும்பிவிட்டது. இந்த முறை சிப்பைப் பொருத்துவதற்கு முன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கால் எது, தலை எது என்று அதற்கே சந்தேகம் வந்திருக்கும். வாசலில் மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார். கூட்டத்தின் ஓரத்தில், மஃப்டியில், ஏட்டையாவோடு சப்-இன்ஸ்பெக்டரும் நின்றார். தான் வரைந்த எழுத்து எரிவதைப் பார்க்க வந்திருந்தார்.

கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

கூட்டம் “ஆ” என்றது. ஃபியூஸ் போகவில்லை. கண்ணைத் திறந்தேன். கதிரேசன் என்ற பெயர் துளிக் குறை இல்லாமல் நனைந்த இருட்டில் பொன்னாக ஓடியது. நின்ற மூச்சு எனக்குத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு மறுபடி மணப்பெண்ணின் பெயர் வந்தது. ‘செ’ வந்தது. ‘ல’ வந்தது. ‘வி’ வந்தது.

‘ல’வுக்கு மேலே புள்ளி இல்லை.

‘செலவி – கதிரேசன்’. செலவி, செலவி என்று அது ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் படித்தது ஏதோ ஒரு வாண்டு. எழுத்துக் கூட்டி உரக்கவே படித்தது. மேளம் ஒரு கணம் தடுமாறியது. மாமாவின் மைத்துனர் ஒருவர் ஏணியில் ஏறி, ‘ல’வுக்கு மேலே டார்ச் லைட்டைப் பிடித்துப் பார்த்தார். எழுத்து நின்றால் அல்லவா பிடிக்கலாம்? அது ஓடுகிறது. அவர் டார்ச்சோடு பக்கவாட்டில் சாய்ந்து, ஏணியோடு சரியப்போய், இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் என் காதருகே வந்து, “‘செ’ சரியாத்தான் வே இருக்கு” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். தன் பங்கில் தப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டார் போலிருக்கிறது. ஏட்டையா மட்டும் பலகையைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் அண்ணாந்து படித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை ஓடியது. இன்னொரு முறை ஓடியது. ஓடுவதற்கு எந்தப் பக்கம் வழி இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு பக்கம் மாப்பிள்ளை கார், இன்னொரு பக்கம் போலீஸ்.

மாமா மெதுவாகத் திரும்பினார். சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒளிச்சு வச்சி என்ன அண்ணாச்சி ஆகப் போவுது” என்றார். “பொறந்த நாள்லேந்து நான் சொல்லுதது இதத்தான். பலகைக்கே தெரிஞ்சிபோச்சு. இனி ஒங்க பாடு.”

சம்பந்தி சிரித்துவிட்டார். அப்புறம் வாசல் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டுதான் இறங்கினார். மாமா என்னைத் தாண்டி உள்ளே போகும்போது, யாருக்கும் கேட்காமல், “சாப்பிட்டியாலே?” என்று மட்டும் கேட்டார். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பந்தியில் உட்கார்ந்து சாம்பாரில் கை வைத்ததும் அழுதுவிட்டேன். காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்று முதல் அவள் செலவிதான். சுரண்டையில் கதிரேசன் கடைக்குப் புது பீரோ வந்தாலும், வீட்டுக்கு மாடி எடுத்தாலும், “கட்டும்போதே போர்டு வச்சுத்தானே குடுத்தாவ” என்று அவர் என்னைப் பார்த்துச் சொல்லாமல் இருந்ததில்லை. அவர்களுடைய பிள்ளைகள் சின்ன வயதில், அம்மாவின் உண்மையான பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஏட்டையா ஓய்வு பெற்ற பிறகும் என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், “தம்பி, இப்ப எந்த ஊரு எரியுது?” என்று கேட்பார்.

போன வருஷம் செல்வியின் மகளுக்குக் கல்யாணம் கூடியது. செல்வி போன் செய்தாள்.

“அத்தான், பத்திரிகை அச்சுக்குப் போயிட்டு. ப்ரூஃப வீட்டுல எல்லாருக்கும் காமிச்சு ஒவ்வொரு எழுத்தாப் பாத்தாச்சு.”

“எனக்கு யாரும் காட்டலையே” என்றேன்.

“ஒங்களுக்குக் காட்டாண்டாம்னு நாந்தான் சொன்னேன். கோவிச்சுக்கிடாதிய” என்றாள்.